இரண்டாவது பூச்சு

ஞானவரதன் உள்ளே போக வேண்டும். அதுவும் அவன் வாயாலேயே சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஆறு வருடமாக எனக்கு இது ஒன்றுதான் வேலை. மற்றதெல்லாம், சம்பளம் வாங்கிச் செய்த வேலை உட்பட, பொழுதைக் கழிக்கத்தான்.

அந்த ஆறு வருடமும் காலை ஒன்பதே காலுக்கு அவன் காரிலிருந்து இறங்கும்போது "குட் மார்னிங் சார்" என்று சிரித்தேன். "என்னம்மா செல்வி, சாப்பிட்டியா?" என்பான். "ஆச்சு சார்" என்பேன். நாசமாய்ப் போக என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். இப்படி நினைக்கிறவள் நல்லவளா என்று கேட்காதீர்கள். நான் நல்லவள் என்று உங்களிடம் யார் சொன்னது?

என் பெயர் பொற்செல்வி. ஓசூர் தொழிற்பேட்டையில் 'இணைசுடர்' கம்பெனியில் சோதனைப் பிரிவு. எங்கள் பெட்டியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சாம்பல் நிறத்தில் டிபன் பாக்ஸ் அளவில் இருக்கும். ரகசியமாக ஏதாவது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக வேண்டும் என்றால், இந்தப் பக்கம் ஒரு பெட்டி, அந்தப் பக்கம் ஒரு பெட்டி, நடுவில் கண்ணாடி இழை. ஆஸ்பத்திரி, கோர்ட், தேர்வு அலுவலகம் என்று எங்கும் அதுதான். உள்ளே விரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு சிலிக்கான் சில்லு. அதை வடிவமைத்தவன் ஞானவரதன். பாடப்புத்தகத்தில் அதற்கு 'ஞானவரதன் வளையம்' என்றே பெயர். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து மதிப்பெண்ணுக்கு அதைப் படம் வரைந்து பாகம் குறிக்கிறார்கள்.

அந்தச் சில்லுதான் என் தம்பியைப் பன்னிரண்டு வருடத்துக்கு உள்ளே அனுப்பியது.

எழிலரசன் கிருஷ்ணகிரியில் தேர்வு அலுவலகத்தில் அச்சு அறைப் பொறுப்பாளன். மருத்துவ நுழைவுத் தேர்வு வினாத்தாள் எங்கள் பெட்டி வழியாக அவன் அறைக்கு வரும். அவன் அச்சடித்துக் கட்டி மூடுவான். அந்த வருடம் தேர்வுக்கு முந்தின நாளே வினாத்தாள் ஊரெல்லாம் சுற்றியது. ஒன்பது லட்சம் பிள்ளைகளுக்குத் தேர்வு ரத்து. இரண்டு பிள்ளைகள் தூக்குப் போட்டுக்கொண்டார்கள். யாரையாவது பிடித்தே ஆக வேண்டும்.

ஒளிமுத்திரைச் சட்டம் என்று ஒன்று அப்போதுதான் வந்திருந்தது. இந்தப் பெட்டி வழியாகப் போன ரகசியம் வெளியே வந்தால், பெட்டியின் முனையில் உட்கார்ந்திருந்த ஆள்தான் குற்றவாளி. தான் செய்யவில்லை என்று அவனேதான் நிரூபிக்க வேண்டும். ஏனென்றால் பெட்டி கசியாது. பெட்டி கசியாது என்று கோர்ட்டில் கூண்டேறிச் சொன்னவன் ஞானவரதன்.

"கம்பியில போற ஒரு ஒளித்துகளைத் தொட்டாக்கூடப் பெட்டி அலறும். அன்னிக்கு அலறலை. அப்போ கசிஞ்சது மெஷின் இல்லை, மனுஷன்" என்றான். சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான். என் தம்பியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தீர்ப்பு வந்த வாரம் இறந்த பிள்ளை ஒன்றின் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். கத்தவில்லை, கல்லெறியவில்லை. வாசலில் சும்மா நின்றார். அம்மா தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "உங்க பையனோட உங்க வம்சம் அத்துப் போகட்டும்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அந்த டம்ளரைக் கழுவாமல் அப்படியே வைத்திருந்தாள். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், ஞானவரதனை விடுவதில்லை என்று.

சனிக்கிழமைதோறும் எழிலைப் பார்க்கப் போவேன். நடுவில் கம்பி வலை. இந்தப் பக்கம் நாங்கள் வரிசையாக, அந்தப் பக்கம் அவர்கள் வரிசையாக. கத்தினால்தான் காது கேட்கும். ஒருநாள் அவன் கேட்டான்.

"அக்கா, அந்தச் சில்லு கசியவே கசியாதாமே. அப்ப வினாத்தாள் எப்படித்தான் வெளிய போச்சு? எனக்கே பைத்தியம் புடிச்சிரும் போலிருக்கு. நான்தான் தூக்கத்துல எவன்கிட்டயாவது குடுத்துட்டனோன்னு தோணுது."

"லூசு மாதிரி பேசாத. கசியும். சொல்றேன் கேளு. சில்லுக்குள்ள தலைமுடியவிடச் சின்னதா ஒரு வளையம் இருக்கு. அதுக்குள்ள லேசர் வெளிச்சத்தை விடுறோம். அது சுத்திச் சுத்தி வரும். எப்பவாவது ஒரு தடவை ரெண்டு ஒளித்துகள் அழிஞ்சு, அந்த இடத்துல ரெட்டைப் புள்ள மாதிரி புதுசா ரெண்டு பொறக்கும். ஒண்ணை இங்க வெச்சுக்கிட்டு ஒண்ணை அந்தப் பக்கம் அனுப்புவோம். வழியில எவனாவது தொட்டா ரெண்டுக்கும் இருக்கிற ஒத்துமை கெட்டுப்போயிடும். பெட்டி அலறும்."

"அதைத்தானே அந்தாளும் சொன்னான்?"

"ஒரு நேரத்துல ஒரு ஜோடி பொறந்தா அவன் சொன்னது சரி. லேசரைக் கூட்டி வெச்சிட்டா ஒரே நேரத்துல ரெண்டு ஜோடி பொறக்கும். வீட்டுச் சாவியை ஒரு ஆள்கிட்டக் குடுத்து அனுப்புறன்னு வை. ஒரே சாவின்னா அவன் எடுத்துக்கிட்டா தெரிஞ்சிரும். தெரியாத்தனமா கவருக்குள்ள ரெண்டு சாவியைப் போட்டுட்டா? ஒண்ணை அவன் வெச்சுக்கிட்டு ஒண்ணை ஒழுங்காக் கொண்டுபோய்க் குடுத்துருவான். யாருக்கும் சந்தேகம் வராது, நடுவுல எவன் எடுத்தான்னும் தெரியாது. பெட்டி சத்தமே போடாது."

எழில் வலையைப் பிடித்துக்கொண்டான். "யாருக்கா கூட்டுனது?"

"ஃபேக்டரியில" என்றேன். "அந்த ஞானவரதன்தான் கூட்டச் சொன்னான்."

அது உண்மைதான். எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. லேசர் அளவைத் திருகும் ஸ்க்ரூ ஒன்று பெட்டிக்குள் இருக்கிறது. சோதனை முடிந்ததும் அதன் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைப்போம். காய்ந்த பிறகு யாராவது திருகினால் பூச்சு வெடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். கம்பெனி இதற்கென்று ஒரு பசை வாங்கித் தந்தது. சனியன், காய ஒரு நாள் ஆனது. என்னோடு வேலை பார்த்த பிலோமினா தன் கைப்பையிலிருந்து ரோஸ் நிற நகப்பூச்சை எடுத்து வைத்தாள், அதுவே பழக்கமாகிவிட்டது. 'பொட்டு வெச்சாச்சு' என்றால் பெட்டி தேறிவிட்டது, இனி தொடக்கூடாது என்று அர்த்தம்.

அந்தத் தேர்வுக்கு முன்னால், தேர்வு அலுவலகங்களுக்கு முன்னூறு பெட்டி அனுப்ப வேண்டிய வாரம். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. ஞானவரதன் வந்தான்.

"வேகம் பத்தாதுங்கிறாங்க. அளவை ஒரு மடங்கு கூட்டி அனுப்புங்க."

"கூட்டினா ரெண்டு ஜோடியா வரும் சார். மறுபடி சோதிக்கணும்" என்று யாரோ சொன்னார்கள்.

"சோதிச்சாச்சுன்னுதான் பொட்டு வெச்சிருக்கே. மறுபடி எதுக்கு? நாலு நாள்ல லாரி வருது."

முன்னூறு பெட்டியிலும் ஸ்க்ரூ திரும்பியது. அதில் நூற்றுப் பதினாலாம் நம்பர் எழிலின் அறைக்குப் போனது. இதையெல்லாம் கோர்ட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். தம்பிக்காக அக்காக்காரி கதை கட்டுகிறாள் என்பார்கள், ஒரு சோதனைக்காரி பேச்சை ஞானவரதன் பேச்சுக்கு எதிரே எவன் எடுத்துக்கொள்வான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு காரணமும் இருந்தது. அதற்கு வருகிறேன்.

என் திட்டம் சுலபமானது. அவன் சொன்ன சாட்சியத்தையே அவன் கழுத்தில் மாட்டுவது. அவன் அறையிலும் ஒரு பெட்டி இருந்தது, டெல்லிக்கு. அதன் வேகம் போதவில்லை என்று அவனே ஸ்க்ரூவைக் கூட்டி வைத்திருந்தான். அதற்குப் பொட்டுகூடக் கிடையாது, பெரிய ஆள் அல்லவா. அதில் ராணுவத்துக்கான புதிய சில்லின் வரைபடம் போகப் போகிறது என்பது கம்பெனிக்கே தெரியும். இரட்டையாகப் பிறக்கும் ஜோடியில் ஒன்றை மட்டும் உருவிக்கொள்ள ஒரு சில்லு வேண்டும். கழித்துப் போட்ட சில்லுகள் இருக்கும் டப்பாவில் தேடி, அதற்கு ஏற்ற வளையம் ஒன்றைக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆனது. மாடியில் இழைகள் கூடும் பெட்டிக்குள் அதைப் பொருத்தினேன், ஒரு புதன்கிழமை மத்தியானம், எல்லாரும் கேன்டீனில் புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது.

வரைபடம் போனது. டெல்லியில் வாங்க வேண்டிய அதிகாரி அதைத் திறக்கும் முன்பே அது மூன்று பத்திரிகை ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தது. பெட்டி அலறவில்லை. வாங்குகிறவர் திறக்கவே இல்லை. அப்படியானால் முனையில் இருந்த ஆள் யார்? சட்டம் என்ன சொல்கிறது? நீங்களே சொல்லுங்கள்.

பதினோரு மணிக்கு போலீஸ் வந்தது. முன்னூறு பேர் பார்க்க ஞானவரதனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். செருப்பை மாற்றக்கூட விடவில்லை. அறைக்குள் போட்டிருந்த நீல ரப்பர் செருப்போடு போனான். பிலோமினா அழுதாள். நான் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கால் கிலோ மைசூர்பாகு வாங்கி, ஒரு துண்டுகூட யாருக்கும் கொடுக்காமல் நானே தின்றேன். ஆறு வருடத்தில் அன்றைக்குத்தான் எனக்கு இனிப்பு இனித்தது.

இனி அவனுக்கு இரண்டே வழி. பெட்டி கசியாது என்றால் பன்னிரண்டு வருடம். பெட்டி கசியும் என்றால் அவன் வெளியே வரலாம். அன்று பொய் சொன்னதற்குக் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டும், எழிலும் வெளியே வருவான். எந்தப் பக்கம் விழுந்தாலும் எனக்கு லாபம் என்று கணக்குப் போட்டேன். அந்த வயதில் மூளையுள்ள எவனும் இரண்டாவதைத்தானே எடுப்பான்?

பத்து நாள் கழித்து அவன் என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினான். போனேன். அதே மாதிரி வலை. தாடி முளைத்திருந்தது.

"நீதானே?" என்றான்.

"என்ன சார் நான்தானே?"

"நடிக்காத செல்வி. கழிச்சுப் போட்ட டப்பாவை ரெண்டு வருஷமா கிளறிக்கிட்டிருந்தவ நீ ஒருத்திதான். நான் கவனிக்கலைன்னு நினைச்சியா? ஏதோ சொந்தமா ஆராய்ச்சி பண்றா, பண்ணட்டும்னு சந்தோஷப்பட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப சொல்லுங்க சார். கோர்ட்ல சொல்லுங்க. அளவைக் கூட்டினா சில்லு கசியும்னு சொல்லுங்க. நீங்களும் வரலாம், எந்தம்பியும் வருவான்."

"எந்தத் தம்பி?"

சத்தியமாகச் சொல்கிறேன், அவனுக்குத் தெரியவே தெரியாது. எழில் என் தம்பி என்பது ஆறு வருடமாக அவன் மண்டையில் ஏறவில்லை. கூண்டில் நின்று ஒருத்தன் வாழ்க்கையைத் துடைத்துப் போட்டவனுக்கு அவன் பெயர்கூட ஞாபகமில்லை. சொன்னேன். கிருஷ்ணகிரி, நூற்றுப் பதினாலு, பன்னிரண்டு வருடம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். "ஓ" என்றான். மறுபடி போட்டுக்கொண்டு, "திருடன்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும் செல்வி. ஓட்டைச் சில்லு செஞ்சவன்னு எவனும் சொல்லக் கூடாது. புஸ்தகத்துல என் பேரு இருக்கு" என்றான்.

மிரட்டுகிறான் என்று நினைத்தேன். பன்னிரண்டு வருடத்தைப் பார்த்தால் தானாக வாய் திறப்பான் என்று நினைத்தேன்.

வழக்கு வந்த அன்று கோர்ட்டில் நிற்க இடமில்லை. நான் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீதிபதி அம்மா கேட்டார், "குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?"

ஞானவரதன் நிமிர்ந்து நின்றான். திரும்பி, அத்தனை பேரில் என்னை மட்டும் தேடிப் பார்த்தான்.

"ஒத்துக்கிறேன். வரைபடத்தை நான்தான் குடுத்தேன். சில்லு கசியாதும்மா. கசியவே கசியாது. மனுஷன்தான் கசிவான்."

அவன் வாயாலேயே சொல்லிவிட்டு உள்ளே போகிறான். ஆறு வருடமாக நான் கேட்டது அப்படியே, ஒரு எழுத்து பிசகாமல் நடந்தது. இனி எழிலுக்கு எந்தக் கோர்ட்டும் கிடையாது. சில்லைச் செய்தவனே அதற்காக உள்ளே போய்விட்டான், இனி எவன் அதைச் சந்தேகப்படுவான்? எழில் மட்டுமா, இந்தச் சட்டத்தில் உள்ளே போன நாற்பத்தோரு பேர் இருந்தார்கள், டைப்பிஸ்ட், நர்ஸ், பியூன் என்று. அத்தனை பேர் தலையிலும் அவன் மண்ணைப் போட்டுவிட்டான். அவன் உதட்டோரம் சிரிப்பு இருந்தது. படுபாவி, என்னைத் தோற்கடித்துவிட்டான்.

நீதிபதி எழுதத் தொடங்கினார். நான் எழுந்தேன்.

"உட்காரும்மா" என்றார் யாரோ.

"சில்லு கசியும்" என்றேன். என் குரல் எனக்கே கர்ணகடூரமாகக் கேட்டது. "அந்த வரைபடத்தை எடுத்தது நான். எடுத்த சில்லு இன்னமும் எங்க மாடியில இழைப் பெட்டிக்குள்ள இருக்கு. அவர் பெட்டியில லேசரைக் கூட்டி வெச்சிருக்கு. போய்ப் பாருங்க."

கோர்ட்டே இரைந்தது. நீதிபதி மேஜையைத் தட்டினார். "நீங்க யாரு?"

சொன்னேன். அரசு வக்கீல் சிரித்தார். "குற்றவாளியோட ஊழியர்ம்மா. காப்பாத்தப் பார்க்கிறாங்க. அவர் பெட்டியை இவங்களே இப்ப கூட்டி வெச்சிருக்கலாமே?"

"அவர் பெட்டியை விடுங்க. நூத்திப் பதினாலாம் நம்பர் பெட்டி கிருஷ்ணகிரி கோர்ட்டு தடய அறையில ஆறு வருஷமா சீல் வெச்சுக் கெடக்கு. கசியாதுன்னு சொன்னதால எவனும் அதைத் திறந்து பார்க்கலை. இப்பத் திறங்க. லேசர் ஸ்க்ரூ தலையில ரெண்டு பூச்சு இருக்கும். அடியில ரோஸ். அது சோதனை முடிஞ்சப்ப பிலோமினா வெச்சது, அது வெடிச்சிருக்கும். அதுக்கு மேல சிவப்பு. அளவைக் கூட்டிட்டு, கூட்டினது தெரியாம இருக்க வெச்சது. முன்னூறு பெட்டியிலும் அப்படித்தான் இருக்கும்."

"அந்தச் சிவப்பு யார் வெச்சது?" என்றார் நீதிபதி.

இதைத்தான் நான் உங்களிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். ஞானவரதன் வாயால் சொன்னான், அவ்வளவுதான். அவன் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கவில்லை. பிலோமினா முடியாது என்று சொல்லிவிட்டு லீவு போட்டாள். மறுபடி சோதிக்க வேண்டும் என்று சொன்ன அந்த 'யாரோ' அவள்தான். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அப்போது பதவி உயர்வு வர வேண்டியிருந்தது. இரண்டு நாள் ஒற்றை ஆளாக உட்கார்ந்து முன்னூறையும் திருகினேன்.

"நான்தான்" என்றேன். "அந்தச் சிவப்பு என்னோடது."

ஞானவரதன் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு போயிருந்தது. "பொய் சொல்றா, பொய்!" என்று கத்தினான். கண்ணாடி கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் கத்தினான். சொல்கிறேன், அந்த ஒரு நிமிடத்துக்காக இன்னொரு ஆறு வருடம்கூட நான் காத்திருப்பேன்.

பெட்டியைத் திறந்தார்கள். அடியில் ரோஸ், மேலே சிவப்பு. ஒளியை அளந்து பார்த்தார்கள். நாற்பத்தோரு பேரும் வெளியே வந்தார்கள். சட்டத்தின் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். பொய்ச் சாட்சிக்காக ஞானவரதனுக்கு ஏழு வருடம். அடுத்த வருடப் பாடப்புத்தகத்தில் அந்தப் படத்துக்குக் கீழே வெறும் 'வளையம்' என்று இருந்ததாம். எனக்கு ஒன்பது வருடம் கொடுத்தார்கள். கொடுக்கட்டும்.

எழில் வெளியே வந்த முதல் சனிக்கிழமை அவன் வருவான் என்று தலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அம்மா வந்தாள். "அவன் தூங்குறான்டி" என்றாள். அடுத்த சனிக்கிழமையும் அம்மாதான். ஐந்தாவது சனிக்கிழமை அவன் வந்தான். வலைக்கு அந்தப் பக்கம் நின்றான், ஆறு வருடம் நான் நின்ற பக்கம். காதோரம் எல்லாம் நரைத்திருந்தது. முப்பத்தோரு வயது அவனுக்கு.

"பாத்தியாடா, எப்படி வெச்சேன் அவனுக்கு!" என்று கத்தினேன். "புஸ்தகத்துல பேரையே எடுத்துட்டாங்களாம்!"

அவன் சிரிக்கவில்லை.

"அக்கா, அந்தப் பெட்டி ஆறு வருஷமும் கிருஷ்ணகிரியிலயேதானே இருந்துச்சு?"

"ஆமா."

"ரெண்டு பூச்சு இருக்குன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"மொத நாளே எந்திரிச்சுச் சொல்லியிருக்கலாமே."

பயமாக இருந்தது என்று சொல்ல வந்தேன். அது முதல் வருடத்துக்கு மட்டும்தான் சரியான பதில். மீதி ஐந்து வருடத்துக்கு எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்.

"அந்த ஞானவரதனை உள்ள தள்ளணும்னு இருந்தேன்டா."

எழில் வலையிலிருந்து கையை எடுத்தான்.

"உள்ள இருந்தது நான்க்கா" என்றான்.

சொல்லிவிட்டு, அம்மா கொடுத்தனுப்பிய முறுக்குப் பொட்டலத்தை வார்டரிடம் கொடுத்து, பெயரையும் நம்பரையும் ஒழுங்காக எழுதச் சொல்லிவிட்டுப் போனான். நேரம் முடிய இன்னும் கால் மணி இருந்தது. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.